கடைத்தெரு பிழைக்குமா?

(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)

 

பரிசு கொடுக்க வந்தவர் இரண்டு வார்த்தை பேசிவிட்டுத்தான் போக வேண்டும் என்று தலைமையாசிரியர் கட்டளையிட்டு விட்டார். கல்வியின் பெருமையைப் பேச என்னைவிடத் தகுதி வாய்ந்தவர்கள் இந்த மேடையில் இருக்கிறார்கள். நான் பட்டணத்தில் மளிகைக் கடை வைத்திருப்பவன். எனக்குத் தெரிந்தது தராசும் கணக்கும்தான். ஆகவே நம் எல்லார் வீட்டிலும் இன்று நடக்கிற ஒரு விஷயத்தையே பேச வந்திருக்கிறேன். கைப்பேசியிலே சாமான் வாங்குகிறோமே, இனிமேல் கடைத்தெரு பிழைக்குமா? பிழைக்க வேண்டுமானால் கடைக்காரர் என்ன செய்ய வேண்டும்? வாங்குகிறவர் என்ன செய்ய வேண்டும்?

"கடைக்காரன் தன் கடைக்காகத்தானே பேசுவான்" என்று நீங்கள் நினைக்கலாம். அப்படி நினைப்பதில் தவறில்லை. என் பேச்சில் வேண்டிய தள்ளுபடியைக் கழித்துக்கொண்டு கேளுங்கள்.

இந்த வியாபாரம் நேற்று முளைத்ததல்ல. 2012ஆம் ஆண்டில் லசாடா வந்தது. 2015இல் ஷோப்பி வந்தது. 2022இல் டிக்டாக்கும் நம் நாட்டில் கடை விரித்தது. ஆரம்பத்தில் நம்மவர்கள் தயங்கினார்கள். "மொகம் தெரியாதவன்கிட்ட காசைக் குடுத்துட்டு எங்க போயி நிக்கிறது?" என்று கேட்டார்கள். 2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. வாசற்படி தாண்ட முடியவில்லை. அந்த மாதங்களில் தயக்கம் போய்விட்டது. பேத்தி பொத்தானை அமுக்க, பாட்டி சாமான் வாங்கப் பழகிக்கொண்டார். கட்டுப்பாடு நீங்கிய பிறகும் பழக்கம் நீங்கவில்லை.

நியாயம் எந்தப் பக்கம்?

பெரியோர்களே, முதலில் நியாயத்தைப் பேசிவிடுவோம். இந்தப் புதிய வியாபாரத்தால் நமக்கு நன்மையே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். அந்தக் காலத்துத் தோட்ட வாழ்க்கையை நினைத்துப் பாருங்கள். லயத்துக்குப் பக்கத்தில் ஒரே ஒரு கடை. அவர் சொன்னதுதான் விலை, அவர் எழுதியதுதான் கணக்கு. எழுதப் படிக்கத் தெரியாத தாய் கடனுக்கு வாங்கிய அரிசியும் பருப்பும் ஒரு நோட்டில் ஏறும். சம்பள நாளன்று நோட்டு முன்னே வரும், சம்பளம் பின்னே போகும். வேறு கடைக்குப் போகலாம் என்றால் பட்டணம் பல மைல் தூரம். விலையை ஒப்பிட்டுப் பார்க்கவே வழி இல்லை. நல்ல கடைக்காரர்களும் இருந்தார்கள். ஆனால் நல்லவரா கெட்டவரா என்பது அவரவர் அதிர்ஷ்டமாக இருந்தது.

இன்று தோட்டத்தில் இருக்கும் ஒரு தாய் கைப்பேசியைத் திறந்தால் ஒரே சாமானுக்குப் பத்துப் பேர் சொல்லும் விலையைப் பார்க்கலாம். இது பெரிய விடுதலை. ஆகையால், "நம்மவர் கடையாச்சே, விலை கூடினாலும் வாங்குங்க" என்று கைகூப்பிக் கேட்பது நியாயமாகாது. உச்சி வெயிலில் பழக்குலை தள்ளியும் பால் வெட்டியும் சம்பாதித்த காசு அது. அந்தக் காசை அனுதாபத்துக்காகக் கேட்கக் கடைக்காரருக்கு உரிமை கிடையாது. உழைத்துத்தான் வாங்க வேண்டும்.

மலிவு எங்கிருந்து வருகிறது?

கடை விலைக்குள் நான்கு செலவு ஒளிந்திருக்கிறது. கடை வாடகை, மின்சாரக் கட்டணம், ஆள் சம்பளம், விற்காமல் கிடக்கும் சரக்கின் நஷ்டம். இணையத்தில் விற்பவர் தம் சரக்கை ஏதோ ஒரு கிடங்கில் அடுக்கி வைக்கிறார். கடைத்தெரு வாடகை அவருக்கு இல்லை. ஊர் ஊராக ஆள் வைக்க வேண்டியதில்லை. நாடு முழுவதும் அவருக்கு வாடிக்கை. பல சாமான்கள் தொழிற்சாலையிலிருந்து நேரே வருகின்றன. நடுவில் உள்ள கைகள் குறைந்தால் விலையும் குறையும்.

ஆனால் அங்கேயும் எதுவும் சும்மா வருவதில்லை. இணையத்தளம் விற்பவரிடம் தரகு வாங்குகிறது. நம்மை அதிகம் வாங்க வைக்கும் வித்தையும் அதற்குத் தெரியும். சீனாவில் அலிபாபா நிறுவனம் 2009இல் நவம்பர் 11ஆம் தேதியைப் பெரிய விற்பனை நாளாக்கியது. இப்போது 9.9, 10.10, 11.11, 12.12 என்று அடுத்தடுத்த மாதங்களில் நமக்கும் ஒரு 'திருநாள்' வந்துவிடுகிறது. மணி ஓடிக்கொண்டே இருக்கும். "இன்னும் மூன்றுதான் பாக்கி" என்று எழுத்து மின்னும். பாசார் மாலாமில் ஒருவர் கூவி விற்றால் நாம் சிரித்துக்கொண்டே தாண்டிப் போகிறோம். உள்ளங்கையில் இருந்து கூவினால் தாண்ட முடியவில்லை!

ஒரு கணக்குப் போடுவோம். மாணவர்களே, நீங்களும் மனத்திலே கூட்டிக்கொண்டு வாருங்கள். பள்ளிக்குப் போட்டுவர ஒரு கறுப்புச் சப்பாத்து கடையில் 38 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். கைப்பேசியில் அதே சப்பாத்து 31 வெள்ளி. ஏழு வெள்ளி மிச்சம் என்று மனம் குளிர்கிறது. அனுப்பும் செலவு 5 வெள்ளி. அதைக் கொடுத்தால் 36 ஆகிறது, மிச்சம் இரண்டே வெள்ளி. ஆனால் 40 வெள்ளிக்கு வாங்கினால் இலவசமாக அனுப்புவோம் என்று அறிவிப்பு வருகிறது. உடனே வீட்டுக்குத் தேவையில்லாத ஒன்றை 9 வெள்ளிக்குச் சேர்த்து 40 ஆக்குகிறோம். மிச்சம் பிடிக்கப் போனவர் கடை விலையைவிட இரண்டு வெள்ளி கூடுதலாகச் செலவழித்திருக்கிறார். நான்கு நாள் கழித்துச் சப்பாத்து வருகிறது. பிள்ளையின் காலில் ஏறவில்லை. திருப்பி அனுப்பலாம், வசதி இருக்கிறது. ஆனால் மறுபடி கட்டி, அனுப்பும் இடத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்து, அடுத்தது வரும் வரை பிள்ளை என்ன போட்டுக்கொண்டு போவான்?

இதற்கு மறுபக்கமும் உண்டு. பட்டணத்துக்குப் போய்வர 6 வெள்ளி செலவாகும் வீட்டுக்கு, கடைச் சப்பாத்து 44 வெள்ளி ஆகிறது. கால் அளவு சரியாகத் தெரிந்து, அவசரமும் இல்லையென்றால் அந்த வீட்டுக்குக் கைப்பேசிதான் லாபம். நான் கடைக்காரனாக இருந்தும் இதைச் சொல்கிறேன். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பார்கள். இரண்டு பக்கமும் எழுதிக் கூட்டிப் பார்க்காமல் எது மலிவு என்று சொல்ல முடியாது.

வெளிநாட்டில் நடந்த பாடம்

இந்த அடி நமக்கு மட்டும் விழவில்லை. அமெரிக்காவில் புத்தகக் கடைகளுக்குத்தான் முதலில் விழுந்தது. அமேசான் நிறுவனம் 1995இல் இணையத்தில் புத்தகம் விற்கத் தொடங்கியது. போர்டர்ஸ் என்ற பெரிய புத்தகக் கடை நிறுவனம் 2001இல் தன் இணைய வியாபாரத்தை அந்த அமேசானிடமே ஒப்படைத்தது. எதிராளியின் கையிலேயே தராசைக் கொடுத்த கதைதான். 2011இல் போர்டர்ஸ் தன் அமெரிக்கக் கடைகளை மூடிவிட்டது.

அதே நாட்டில் பார்ன்ஸ் அண்ட் நோபிள் என்ற இன்னொரு புத்தக நிறுவனமும் தள்ளாடிக்கொண்டிருந்தது. 2019இல் ஜேம்ஸ் டான்ட் என்பவர் அதன் பொறுப்பை ஏற்றார். பிரிட்டனில் வாட்டர்ஸ்டோன்ஸ் புத்தகக் கடைகளை 2011 முதல் தூக்கி நிறுத்தியவர் அவர். அவர் செய்ததைக் கேட்டால் மிகச் சாதாரணமாக இருக்கும். அதுவரை எந்தப் புத்தகத்தை முன்னால் அடுக்குவது என்று தலைமை அலுவலகம் சொல்லும். முன் மேசையில் வைக்கப் பதிப்பாளர்கள் பணமும் கொடுப்பார்கள். டான்ட் அந்தப் பணம் வேண்டாம் என்றார். எந்தப் புத்தகம் வேண்டும் என்பதை அந்தந்த ஊர்க் கடை ஊழியர்களே முடிவு செய்யட்டும் என்றார். ஊரை அறிந்தவர்கள் ஊருக்கு ஏற்றபடி அடுக்கினார்கள். சில ஆண்டுகளில் அந்த நிறுவனம் கடைகளை மூடுவதை விட்டுப் புதிய கடைகளைத் திறக்கத் தொடங்கியது.

மின்சாதனங்கள் விற்கும் பெஸ்ட் பை கடைகளின் கதையும் கேட்கத் தக்கது. மக்கள் உள்ளே வருவார்கள், தொலைக்காட்சியைத் தட்டிப் பார்ப்பார்கள், விவரம் கேட்பார்கள், பிறகு வெளியே போய் இணையத்தில் வாங்குவார்கள். நம் ஊரில் இது நடப்பதில்லையா? 2012இல் ஹூபர்ட் ஜோலி அங்கே தலைமைப் பொறுப்புக்கு வந்தார். பார்க்க வருகிறவரை அவர் திட்டவில்லை. இணையத்தில் உள்ள விலைக்கே நாமும் கொடுப்போம் என்றார். கடையையே கிடங்காக்கி, அங்கிருந்தே வீட்டுக்கும் அனுப்பினார். விவரம் சொல்லத் தெரிந்த ஆட்களைப் பழக்கினார். அந்தக் கடைகள் நிலைத்து நின்றன.

அமேசானும் சும்மா இருக்கவில்லை. 2015இல் சியாட்டல் நகரில் தெருவிலேயே ஒரு புத்தகக் கடை திறந்தது. 2017இல் ஹோல் ஃபூட்ஸ் என்ற மளிகைக் கடை நிறுவனத்தை 1,370 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. ஆனால் 2022இல் தன் புத்தகக் கடைகளை மூடுவதாக அறிவித்துவிட்டது. இதில் இரண்டு பாடம் இருக்கிறது. இணையத்தின் ராஜாவுக்கும் தெருக்கடை தேவைப்படுகிறது என்பது ஒன்று. கட்டடமும் பணமும் இருந்தால் மட்டும் கடை நடந்துவிடாது என்பது மற்றொன்று.

கடைக்காரர் செய்ய வேண்டியது

இங்கே வந்திருக்கும் வியாபார நண்பர்களுக்கு இதைச் சொல்கிறேன். எனக்கும் சேர்த்தே சொல்லிக்கொள்கிறேன்.

முதலாவது, விலையை எழுதி ஒட்ட வேண்டும். ஆளைப் பார்த்து விலை சொல்கிற காலம் மலையேறிவிட்டது. வாங்க வருகிற பிள்ளையின் சட்டைப்பையில் ஊர் விலை முழுவதும் இருக்கிறது. "என்னா அண்ணே, போன்ல அஞ்சு வெள்ளி கொறச்சலா இருக்கே?" என்று கேட்டால் கோபப்படக் கூடாது. குறைக்க முடிந்தால் குறைக்க வேண்டும். முடியாவிட்டால் ஏன் முடியாது என்று சொல்ல வேண்டும். "இது கெட்டுப்போனா எங்கிட்ட கொண்டா தம்பி, மாத்தித் தரேன்" என்ற ஒரு வார்த்தைக்கு ஐந்து வெள்ளி மதிப்பு உண்டு. சொன்னபடி மாற்றிக் கொடுத்தால்தான் உண்டு!

இரண்டாவது, ஜெயிக்க முடியாத இடத்தில் மல்லுக்கு நிற்கக் கூடாது. கைப்பேசி உறையையும் விளையாட்டுச் சாமானையும் கடை முழுக்க அடுக்கி இணையத்தோடு போட்டி போட முடியாது. பொட்டலத்தில் அடைத்து நான்கு நாள் அலைய வைக்க முடியாத சரக்கு எது? கறிவேப்பிலை, வாழையிலை, பூமாலை, இட்லி மாவு, அப்போதே அரைத்த மசாலை. அரைக்கிலோ போதும் என்பவருக்கு அரைக்கிலோ, ஐம்பது காசுக்குக் கேட்பவருக்கு ஐம்பது காசுக்கு. இரவில் பிள்ளைக்குக் காய்ச்சல், விடிந்தால் வீட்டில் துக்கம் என்றால் எந்தப் பொட்டலமும் அந்த நேரத்துக்கு வந்து சேராது. கடைக்காரர் கதவைத் திறப்பார்.

மூன்றாவது, சரக்கோடு வேலையையும் விற்க வேண்டும். சேலைக் கடைக்குப் போகிற தாய் ஏன் போகிறார்? துணியை விரலால் தொட்டுப் பார்க்க வேண்டும். கரையின் நிறத்தை வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். அங்கேயே ரவிக்கைக்கு அளவு கொடுக்க வேண்டும். தீபாவளி நேரத்தில் பிரிக்பீல்ட்சுக்கும் கிள்ளான் தெங்கு கிளானா சாலைக்கும் கூட்டம் கூட்டமாக மக்கள் போவது விலைக்காக மட்டுமா? குடும்பத்தோடு போய், பார்த்து, பேசி, பேரம் செய்து, ஒரு தேநீர் குடித்து வருவதும் அந்தச் சேலையோடு சேர்ந்ததுதான். சைக்கிள் விற்பவர் பழுதும் பார்க்கட்டும். மின்விசிறி விற்பவர் வீட்டுக்கு வந்து மாட்டியும் கொடுக்கட்டும்.

நான்காவது, கைப்பேசியை எதிரி என்று நினைக்காமல் நாமும் கையில் எடுக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் பட்டியல் வாங்கலாம். கியூஆர் அட்டையைக் கல்லாவில் ஒட்டலாம். வாரம் ஒரு நாள், சொன்ன நேரத்தில், தோட்டத்துக்கு ஒரு வேன் அனுப்பலாம். பத்து வீட்டுச் சாமான் ஒரே வண்டியில் போனால் வீட்டுக்கு ஒரு வெள்ளிகூடச் செலவாகாது. தனித்தனிப் பொட்டலத்துக்கு இல்லாத லாபம் அது.

ஐந்தாவது, சேர்ந்து வாங்க வேண்டும். தனியாக ஐந்து மூட்டை வாங்குகிறவருக்கு மொத்த வியாபாரி ஒரு விலை சொல்வார். பத்துக் கடைக்காரர்கள் சேர்ந்து ஐம்பது மூட்டை கேட்டால் வேறு விலை சொல்வார். இது புதிய தத்துவமல்ல. 1844இல் இங்கிலாந்தின் ராச்டேல் என்ற ஊரில் 28 பேர் சேர்ந்து ஒரு கூட்டுறவுக் கடை திறந்தார்கள். நெசவாளர்களும் மற்றத் தொழிலாளர்களுமாகச் சேர்ந்த ஏழைகள். முதல் நாள் அந்தக் கடையில் இருந்தது வெண்ணெய், சர்க்கரை, மாவு, ஓட்ஸ், மெழுகுவர்த்தி அவ்வளவுதான். உலகமெல்லாம் பரவிய கூட்டுறவு இயக்கத்துக்கு அந்தச் சிறு கடை முன்மாதிரியானது. நம் நாட்டிலேயே சான்று இருக்கிறதே! 1960இல் துன் சம்பந்தன் அவர்கள் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டங்கள் துண்டாடப்பட்ட அந்தக் காலத்தில், பாட்டாளிகள் மாதம் பத்து வெள்ளியாகச் சேர்த்த பணத்தில் தோட்டங்களையே வாங்கினார்கள். பத்து வெள்ளியைச் சேர்த்துத் தோட்டம் வாங்கத் தெரிந்த சமுதாயம், சேர்ந்து பருப்பு மூட்டை வாங்க முடியாதா?

அரசாங்கமும் ஓரளவு தராசைச் சமன் செய்திருக்கிறது. வெளிநாட்டிலிருந்து இணையம் வழி வரும் 500 வெள்ளிக்கு உட்பட்ட சாமான்களுக்கு 2024 ஜனவரி 1ஆம் தேதி முதல் 10 விழுக்காடு விற்பனை வரி விதித்தார்கள். ஆனால் வரியை நம்பிக் கடை நடத்த முடியாது. வாடிக்கையாளரை நம்பித்தான் நடத்த முடியும்.

வாங்குகிறவருக்குச் சில வார்த்தை

தாய்மார்களே, கைப்பேசியில் வாங்குங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் விழிப்போடு வாங்குங்கள். தளத்துக்கு வெளியே தனியாகப் பணம் போடச் சொன்னால் போடாதீர்கள். பொட்டலம் வந்திருக்கிறது, இந்த இணைப்பை அமுக்கு என்று முன்பின் தெரியாதவர் செய்தி அனுப்பினால் அமுக்காதீர்கள். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே வங்கிக்கும் 997 என்ற எண்ணுக்கும் கூப்பிடுங்கள். மோசடிப் புகாருக்காகவே 2022இல் அமைத்த மையத்தின் எண் அது. எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுகிறோமோ, பணத்தைத் தடுத்து நிறுத்த அவ்வளவு வாய்ப்பு உண்டு.

கடையில் வாங்கினாலும் இணையத்தில் வாங்கினாலும் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் நமக்குத் துணை இருக்கிறது. பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் ஐந்து வெள்ளி கட்டி, 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையைக் கொண்டு போகலாம். வழக்கறிஞர் வைக்க வேண்டியதில்லை. ஆனால் விற்றவர் யார், எங்கே இருக்கிறார் என்று தெரிய வேண்டும். கடல் கடந்து முகவரி தெரியாமல் விற்றவரை எந்த மன்றத்துக்கு அழைப்பது? தெருமுனைக் கடைக்காரரை நாளைக் காலையிலேயே போய்க் கேட்கலாம். அவர் ஓடிவிட முடியாது. அவர் பிள்ளையும் இதே பள்ளியில்தான் படிக்கிறது.

கடனைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பழைய கடை நோட்டில் கடன் ஏறினால் கடைக்காரர் ஒரு நாள் முகத்தைச் சுளிப்பார். அந்தச் சுளிப்பு நமக்கு ஓர் எச்சரிக்கை. இப்போது கைப்பேசியில் "இன்று வாங்கு, பிறகு கட்டு" என்கிறார்கள். அது முகம் சுளிக்காது, சிரித்துக்கொண்டே கடனை ஏற்றும். தவணை தவறினால் கட்டணமும் ஏறும். எங்கள் கடைகளில் "கடன் அன்பை முறிக்கும்" என்று ஒரு பலகை தொங்கும். கைப்பேசியில் அந்தப் பலகையை யாரும் மாட்ட மாட்டார்கள். நாமே மனத்தில் மாட்டிக்கொள்ள வேண்டும்.

ஒரு கடை மூடினால் என்ன போய்விடும் என்று சிலர் கேட்கிறார்கள். ஐந்தாம் படிவம் முடித்த பிள்ளைக்கு வீட்டுப் பக்கத்தில் கிடைத்த முதல் வேலை போய்விடும். கைப்பேசி பிடிக்கத் தெரியாத பாட்டிக்கு நடந்து போய் வாங்குகிற தூரத்தில் இருந்த அரிசி போய்விடும். கோயில் திருவிழாவுக்கும் பள்ளி விழாவுக்கும் நன்கொடைப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு ஏறுவதற்கு ஒரு படி போய்விடும். இந்த மலரைப் புரட்டினால் பின் பக்கங்களில் விளம்பரம் கொடுத்தவர்கள் யார் என்று தெரியும். இதற்காக எங்களுக்கு விலை கூட்டித் தர வேண்டியதில்லை. விலையும் தரமும் சமமாக இருக்கும்போது, அல்லது ஏறக்குறைய சமமாக இருக்கும்போது, பக்கத்துக் கடையை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். அது போதும்.

மாணவச் செல்வங்களுக்கு

பிள்ளைகளே, உங்களுக்கு ஒரு வேலை கொடுக்கிறேன். அடுத்த முறை வீட்டில் ஏதாவது வாங்கப் போகும்போது ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு கிழியுங்கள். ஒரு பக்கம் கடை, மறு பக்கம் கைப்பேசி. சாமான் விலை, அனுப்பும் செலவு, போய்வரும் செலவு, எத்தனை நாள் காத்திருப்பு, கெட்டுப்போனால் யாரிடம் கேட்பது என்று எல்லாவற்றையும் எழுதி அம்மாவிடம் காட்டுங்கள். எந்தப் பக்கம் லாபமோ அந்தப் பக்கம் வாங்கட்டும். அந்தத் தாளில் கணக்கும் இருக்கும், மொழியும் இருக்கும், புத்தியும் இருக்கும்.

கடை வைத்திருப்பவரின் பிள்ளைகளும் இங்கே இருக்கிறீர்கள். "படிச்சுட்டுக் கடையில போயி நிக்கிறதா?" என்று நினைக்காதீர்கள். இனிமேல் படித்தவர்கள் நின்றால்தான் கடை நிற்கும். சரக்குக் கணக்கைக் கணினியில் வைக்கவும், மூன்று மொழியில் வாடிக்கையாளருக்குப் பதில் சொல்லவும், அம்மா சுடுகிற முறுக்கை ஜொகூரில் இருப்பவருக்கு இணையத்தில் விற்கவும் உங்களால்தான் முடியும். வேலைக்கு வேறு எங்கே போனாலும் சரி, அளவில் குறைக்காமல், சொன்ன சொல் தவறாமல் இருந்தால் பிழைத்துக்கொள்வீர்கள்.

கடைத்தெரு பிழைக்குமா என்று கேட்டேன். தூங்குகிற கடை பிழைக்காது. ஊரை அறிந்து, நியாய விலை சொல்லி, சொன்னதைச் செய்கிற கடை பிழைக்கும்.

பரிசு பெற்ற மாணவர்களுக்கும், அவர்களை உருவாக்கிய ஆசிரியர்களுக்கும், பாடுபட்டுப் படிக்க வைக்கிற பெற்றோர்களுக்கும் என் உளமார்ந்த வாழ்த்துகள்.